விழப்போகிற பல்தானே என்று விட்டுவிடலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். "எப்படியும் விழப்போகிற பல்தானே" என்ற பேச்சை நம்பி, ஐந்து வயது மகளின் கடைவாய்ப் பல்லில் தெரிந்த சொத்தையைப் பல மாதங்கள் பொருட்படுத்தாமல் இருந்துவிட்ட தந்தை நான். ஓரிரவு வலியால் துடித்தாள். இரண்டு நாளில் ஈறில் சிறு கொப்புளம் தோன்றி உடைந்தது, வலியும் நின்றது. குணமாகிவிட்டது என்று நிம்மதி அடைந்தோம். அதுதான் நாங்கள் செய்த பெரும் பிழை. சீழ் வெளியேற வழி கிடைத்ததால் வலி அடங்கியதே தவிர, வேரடியில் தொற்று அப்படியே இருந்தது. கன்னம் வீங்கிக் காய்ச்சலும் வந்த பிறகே மருத்துவரிடம் ஓடினோம்.

பால் பல்லின் எனாமல், அதாவது கடினமான மேலுறை, மெல்லியது. உள்ளிருக்கும் பற்கூழோ (நரம்பும் இரத்தக் குழாய்களும் கொண்ட மென்மையான பகுதி) பல்லின் அளவோடு ஒப்பிட்டால் பெரியது. ஆகவே சொத்தை விரைவில் பற்கூழை எட்டிவிடுகிறது. வேர்களுக்கு அடியில் நிலைப்பல்லின் முளை வளர்ந்துகொண்டிருப்பதால், அங்கே தேங்கும் சீழ் வரப்போகும் பல்லின் எனாமலையும் கெடுக்கக்கூடும். பால் கடைவாய்ப் பற்கள் 10 முதல் 12 வயது வரை இருக்க வேண்டியவை; முன்கூட்டியே பிடுங்க நேர்ந்தால் பக்கத்துப் பற்கள் நகர்ந்து, புதுப் பல்லுக்கான இடத்தை அடைத்துக்கொள்ளும். ஆன்டிபயாட்டிக் மருந்து தொற்றைத் தற்காலிகமாக அடக்குமே தவிர, பல்லின் உட்புறத்தைச் சுத்தம் செய்யாமல், அல்லது பல்லை எடுக்காமல், தீர்வு இல்லை. முக வீக்கத்துடன் விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமம் தோன்றினாலும், வீக்கம் கண்ணை நோக்கிப் பரவினாலும், விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

இவ்வளவையும் தவிர்த்திருக்க முடியும் என்பதே என் வேதனை. முதல் பல் முளைத்ததும் ஃபுளூரைடு பற்பசையை அரிசியளவும், 3 வயதுக்குப் பின் பட்டாணியளவும் வைத்து, நாளுக்கு இருமுறை, ஏழெட்டு வயதுவரை பெற்றோரே துலக்கிவிட வேண்டும். பால் புட்டியை வாயில் வைத்தபடி உறங்கவிடக் கூடாது. முதல் பிறந்தநாளுக்குள் ஒருமுறை பல் மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும். ஈறையொட்டிச் சுண்ணாம்புக் கோடு போலத் தெரியும் வெண்மையே சொத்தையின் தொடக்கம். பள்ளம் விழாத அந்நிலையில் ஃபுளூரைடு பூச்சினாலேயே அதைத் தடுத்து நிறுத்த வாய்ப்புண்டு.

தடுப்பூசிக்காகக் குழந்தைகள் வரும்போது எடையும் உயரமும் பார்க்கும் செவிலியர்கள், மேலுதட்டைச் சற்றே உயர்த்தி முன்பற்களையும் பார்த்துச் சொல்லும் நடைமுறையைச் சுகாதாரத் துறையினர் கட்டாயமாக்க வேண்டும் என்று தங்கள் நாளிதழ் வாயிலாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்