கிட்டார் பயிலரங்கம்: பெற்றோரின் கவனத்துக்கு

கிருஷ்ணகிரி
ஜனவரி 20

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பொங்கல் விடுமுறை முடிந்து பிள்ளைகள் நல்லபடியாகப் பள்ளிக்குத் திரும்பியிருக்கிறார்கள். அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைக் கொடுத்தாயிற்று. மதிப்பெண் அட்டையில் கையெழுத்திட்டு இந்த வாரத்துக்குள் அனுப்பிவையுங்கள். விளையாட்டிலும் அறிவியல் கண்காட்சியிலும் பிள்ளைகள் நன்றாகச் செய்தார்கள். பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளுக்கு மாலைச் சிறப்பு வகுப்புகள் வழக்கம்போல் நடக்கும்.

முக்கியமாகச் சொல்ல வேண்டியது சனிக்கிழமை கிட்டார் வகுப்பைப் பற்றி. பிப்ரவரி இரண்டாவது சனிக்கிழமை நம் அரங்கத்தில் இன்னொரு பயிலரங்கம் நடக்கப்போகிறது. நவம்பரில் நடந்ததைப் போல இதையும் நடத்தப்போகிறவர் வெளிநாட்டிலிருந்து சுற்றுப்பயணமாக வரும் கிட்டார் கலைஞர்தான். நவம்பரில் ஆன குறை இந்த முறை ஆகக் கூடாது என்பதற்காகவே இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

அன்று வந்தவரின் நாள் எப்படி இருந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்காது. காலை 6 மணிக்குப் பெங்களூரிலிருந்து புறப்பட்டு 8.15-க்கு இங்கே வந்தார். காரின் ஏசியிலிருந்து இறக்கிய கிட்டாரைப் பெட்டிக்குள்ளேயே கால் மணி நேரம் விட்டுவைத்தார். வெளியே எடுத்துச் சுருதி சேர்த்தார், பத்து நிமிடம் கழித்து மறுபடியும் சேர்த்தார். குளிரிலிருந்து வெப்பத்துக்கு வந்த ஸ்ட்ரிங் உடனே நிலைத்து நிற்காது. மாலை 4 மணிக்குப் பெங்களூரில் அவருக்குக் கச்சேரிக்கான ஒலிச் சோதனை இருந்தது. மைக்கை எங்கே வைத்தால் ஊளையிடாது என்பதை அரங்கம் காலியாக இருக்கும்போதுதான் பார்க்க முடியும். ரசிகர்கள் உள்ளே வந்துவிட்டால் முடியாது. அத்திப்பள்ளி தாண்டினால் எலெக்ட்ரானிக் சிட்டி வரை வண்டி எங்கே நிற்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் 12 மணிக்கு முடித்து 12.15-க்கு அவர் கிளம்பியே ஆக வேண்டியிருந்தது. நமக்குக் கிடைத்தது 9.30 முதல் 12 வரை, மொத்தம் 150 நிமிடம்.

வந்த 34 பிள்ளைகளில் 21 பேரின் கிட்டார் சுருதியில் இல்லை. ஒரு கிட்டாருக்கு 3 நிமிடம் என்று வைத்தாலும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போய்விட்டது. கடல் கடந்து வந்த கலைஞர் வரிசை வரிசையாக முட்டிபோட்டு, ஒவ்வொரு பிள்ளையின் கிட்டார் முறுக்காணியையும் திருகிக்கொண்டிருந்தார். வலது கைக் கட்டைவிரலும் மற்ற மூன்று விரல்களும் மாறிமாறி மீட்டும் பயிற்சியைக் கற்றுக்கொடுத்தார். மூன்று குழுவாகப் பிரிந்து வாசிக்க அவர் எழுதிவந்த பாடம் மட்டும் பிரிக்கப்படாமலே திரும்பிப் போனது.

அதைவிட மனதுக்குக் கஷ்டமானது இன்னொன்று. ஆறாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கொண்டுவந்த நைலான் கிட்டாரில் ஸ்டீல் ஸ்ட்ரிங் மாட்டியிருந்தது. ஸ்ட்ரிங்குகளைப் பிடித்துவைக்கும் பிரிட்ஜ் பின்பக்கம் பலகையை விட்டுத் தூக்கியிருந்தது. அந்த இடுக்கில் ஒரு விசிட்டிங் கார்டு தாராளமாக நுழைந்தது. உடனே எல்லா ஸ்ட்ரிங்கையும் தளர்த்திவிடும்படி கலைஞர் சொல்லிவிட்டார். அந்தப் பிள்ளை அன்று முழுவதும் வெறும் கையோடு உட்கார்ந்திருந்தது.

இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை. மின்சாரம் இல்லாத கிட்டார் எல்லாவற்றையும் நாம் 'அக்கூஸ்டிக்' என்கிறோம். கடையில் போய் அக்கூஸ்டிக் ஸ்ட்ரிங் என்று கேட்டால் ஸ்டீல் செட்டைத்தான் எடுத்துத் தருவார்கள். நைலான் ஸ்ட்ரிங்குகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் விசை சுமார் 40 கிலோ. ஸ்டீல் செட்டில் மிக மெல்லிய ரகம்கூட 60 கிலோவைத் தொடும். நைலானுக்காகச் செய்த கிட்டாரின் பலகை மெலிதானது. பெரும்பாலானவற்றில் கழுத்துக்குள் அது வளையாமல் தாங்கும் இரும்புக் கம்பியும் இருக்காது. முதலில் பலகை உப்பும், பிறகு கழுத்து வளையும், கடைசியில் பிரிட்ஜ் பிய்த்துக்கொண்டு வரும்.

உங்கள் வீட்டுக் கிட்டார் எந்த வகை என்று இன்றே பாருங்கள். தலைப்பகுதியில் இரண்டு நீள ஓட்டை இருந்து, பிரிட்ஜில் ஸ்ட்ரிங்கை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தால் அது நைலான் கிட்டார். பிரிட்ஜில் ஆறு சிறிய குமிழ் ஆணிகள் குத்தியிருந்தால் ஸ்டீல். சந்தேகமாக இருந்தால் பிரிட்ஜைப் போனில் படமெடுத்துக் கடைக்காரரிடம் காட்டி, "இதுக்குக் கிளாசிக்கல் நைலான் செட் கொடுங்க" என்று கேளுங்கள்.

ஸ்ட்ரிங் மாற்றுவதாக இருந்தால் பயிலரங்கத்துக்கு ஒரு வாரம் முன்பே மாற்றிவிடுங்கள். புது நைலான் நாலைந்து நாளாவது நீண்டுகொண்டே இருக்கும், தினமும் சுருதி இறங்கும். முதல் நாள் இரவு மாற்றிக் கொண்டுவந்தால் பாட்டுக்குப் பாட்டு நிறுத்தித் திருக வேண்டியதுதான். பிரிட்ஜில் கட்டும்போது மெல்லிய முதல் ஸ்ட்ரிங்கை மட்டும் மூன்று சுற்றுச் சுற்றிச் செருகுங்கள். கடைசிச் செருகல் பிரிட்ஜின் பின்விளிம்புக்குக் கீழே வர வேண்டும். ஒரு சுற்றோடு விட்டால் வழுக்கி அவிழ்ந்து பலகையில் சுளீரென்று அடித்துத் தழும்பு போடும்.

அடுத்தது சுருதி சரிபார்க்கும் ட்யூனர். போன் ஆப் வீட்டுக்குச் சரி. அது மைக் வழியாகக் கேட்பதால், 34 கிட்டார் ஒலிக்கும் அரங்கத்தில் பக்கத்துப் பிள்ளையின் ஸ்ட்ரிங்கைத்தான் காட்டும். தலைப்பகுதியில் கவ்வும் கிளிப் ட்யூனர் மரத்தின் அதிர்வை எடுத்துக்கொள்ளும் என்பதால் அந்தக் குழப்பம் இல்லை. திரையில் சுருதி அளவு 440 என்று இருக்கிறதா என்று பாருங்கள். பையில் கிடந்து பொத்தான் அழுந்தி 435 ஆகியிருந்தால், முள் பச்சையில் நின்றாலும் பிள்ளை மட்டும் தனிச் சுருதியில் இருக்கும். தடித்த ஆறாவது ஸ்ட்ரிங்கிலிருந்து மெல்லிய முதல் ஸ்ட்ரிங் வரை ஈ, ஏ, டி, ஜி, பி, ஈ. எப்போதும் கீழிருந்து மேலே ஏற்றிச் சேர்க்க வேண்டும். தாண்டிவிட்டால் நன்றாக இறக்கிவிட்டு மறுபடி ஏற்றச் சொல்லுங்கள். மேலிருந்து இறக்கி நிறுத்தினால் முறுக்காணிப் பல்லில் இருக்கும் தளர்வு வாசிக்கும்போது சுருதியை இறக்கிவிடும். சிலர் தினமும் இரவில் ஸ்ட்ரிங்கைத் தளர்த்திவைப்பதாகக் கேள்விப்படுகிறோம். அது தேவையில்லை, அப்படிச் செய்தால் ஸ்ட்ரிங் நிலைக்கவே நிலைக்காது.

வெயிலில் மூடிய காரில் கிட்டாரை விட்டுவிட்டுச் சந்தைக்கோ ரவுண்டானா பக்கம் வேலையாகவோ போய்விடாதீர்கள். உள்ளே ஏறும் சூட்டில் பசை இளகிவிடும். இடது கை நகத்தை ஒட்ட வெட்டி அனுப்புங்கள். வலது கை நகம் கொஞ்சம் இருக்கலாம்.

இனிச் சொல்வதைப் பள்ளியின் முடிவாகவே எடுத்துக்கொள்ளுங்கள். பயிலரங்கத்துக்கு முந்தைய புதன்கிழமை மாலை 4 மணிக்கு எல்லாக் கிட்டார்களையும் இசை ஆசிரியர் பார்வையிடுவார். அன்று கொண்டுவராத கிட்டாருக்கும் ஸ்டீல் மாட்டிய நைலான் கிட்டாருக்கும் சனிக்கிழமை அனுமதி இல்லை. காலை 9 மணிக்குப் பிள்ளைகள் இருக்கையில் இருக்க வேண்டும், 9.20-க்கு அரங்கக் கதவு மூடப்படும். பர்கூர், காவேரிப்பட்டணம் பக்கமிருந்து பேருந்தில் வருகிறவர்களை ஒரு பேருந்து முன்னதாகவே ஏற்றிவிடுங்கள். விலக்குக் கேட்டு யாரும் என்னிடம் வர வேண்டாம். ஒரு பிள்ளைக்காகக் காத்திருக்கும் ஒவ்வொரு நிமிடமும் மற்ற 33 பிள்ளைகளின் நிமிடம்.

கிட்டார் சரியில்லாத பிள்ளையும் வரலாம், வர வேண்டும். பள்ளியில் நான்கு கிட்டார்கள் இருக்கின்றன. புதன்கிழமையே சொல்லிவிட்டால் மாறிமாறி வாசிக்க ஏற்பாடு செய்கிறோம். பிரிட்ஜ் தூக்கியிருந்தால் வீட்டில் பசை போட்டு ஒட்டாதீர்கள். தப்பான பசை காய்ந்துவிட்டால் பிறகு பழுதுபார்ப்பவருக்கும் வேலை இரட்டிப்பு. இசை ஆசிரியரிடம் காட்டினால் என்ன செய்யலாம் என்று சொல்வார். ஸ்ட்ரிங் மாற்றத் தெரியாதவர்கள் ஜனவரி கடைசிச் சனிக்கிழமை வகுப்பு முடிந்ததும் அரை மணி நேரம் இருந்தால், உங்கள் கையாலேயே மாற்றக் கற்றுக்கொடுப்பார். புது செட்டை மட்டும் வாங்கிவாருங்கள்.

நவம்பரில் வந்தவருக்கு வீட்டிலிருந்து இட்லி கட்டிக்கொண்டு வந்து, வண்டியில் போகும்போது சாப்பிடக் கொடுத்தனுப்பிய அம்மாக்களுக்கும், மேசை நாற்காலி தூக்கி அரங்கத்தை ஒழுங்குபடுத்திய அப்பாக்களுக்கும் அன்றே நன்றி சொல்லியிருக்க வேண்டும், இப்போது சொல்கிறேன். வாரம் தவறாமல் சனிக்கிழமை தூக்கத்தை விட்டுப் பிள்ளைகளை அழைத்துவருகிறீர்கள். அதனால்தான் இந்த வகுப்பே நடக்கிறது. புதன்கிழமை மாலை 4 மணிக்குக் கிட்டார்களோடு உங்களை எதிர்பார்க்கிறோம்.

அன்புடன்,
தலைமையாசிரியர்