ஸீனாவுக்கு ஒரு கல் நடுங்கள்

கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தின் பாரம்பரியத் துறையினருக்கு,

வணக்கம்.

வின்னிபெக்கிலிருந்து சஸ்கட்டூன் செல்லும் ரயில் பாதையில் இந்தப் பெயர்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: குவின்டன், ரேமோர், சீமன்ஸ், டேட், அண்டோரா (Undora), வென், வாட்ரஸ், ஸீனா (Xena), யங், ஸெல்மா (Zelma). ஆங்கில நெடுங்கணக்கில் கியூ தொடங்கி இசட் வரை ஓர் எழுத்தும் விடுபடவில்லை. டேட்டுக்கும் அண்டோராவுக்கும் நடுவே நொகோமிஸ் மட்டும் வரிசை தப்பி நிற்கிறது.

கிராண்ட் டிரங்க் பசிபிக் ரயில் நிறுவனம் 1908 வாக்கில் இங்கே தண்டவாளம் போட்டபோது ஊர்களுக்கு முன்பே பெயர்கள் வந்துவிட்டன. வாட்ரஸ் என்பது அந்நிறுவனத்தின் பொது மேலாளர் ஃபிராங்க் வாட்ரஸ் மோர்ஸின் பெயர். குதிரை வண்டியில் கோதுமை ஏற்றிவரும் விவசாயி பொழுது சாய்வதற்குள் வீடு திரும்ப வேண்டும். அதனால்தான் சில மைல்களுக்கு ஒரு நிலையம், அதன் பக்கத்தில் தானியத்தைச் சேமித்து ரயிலில் ஏற்றும் மரத்தாலான கோபுரம். 1930களில் மேற்குக் கனடாவில் இப்படி 5,700-க்கும் மேற்பட்ட கோபுரங்கள் இருந்தன. லாரி வந்தது, சாலை வந்தது, சிறிய நிலையங்களின் தேவை போயிற்று.

புல்வெளியின் எத்தனையோ சிற்றூர்கள் தண்டவாளத்தைப் பெயர்த்தெடுத்ததால் அழிந்தன. ஸீனாவின் கதை வேறு. பாதை இன்னும் உயிரோடு இருக்கிறது. நீண்ட சரக்கு ரயில்கள் இன்றும் ஓடுகின்றன. ஆனால் அந்த இடத்தில் ஊர் இல்லை. எனக்கு இதுதான் பொறுக்கவில்லை. ரயிலுக்காகவே பிறந்த ஊரை அதே ரயில் வேகம் குறைக்காமல் கடந்து போகிறது.

டேட், அண்டோரா, ஸீனா ஆகிய மூன்று இடங்களிலும் ஒரு கல் நடுங்கள். பெயரையும் பாதை வந்த ஆண்டையும் அதில் பொறியுங்கள். இன்னொன்றையும் சேர்த்தே கேட்கிறேன்: இந்த மண் அதற்கு முன் பெயரற்றுக் கிடக்கவில்லை. 1870களில் அரசுடன் நில ஒப்பந்தங்கள் கையெழுத்தாவதற்கு வெகுகாலம் முன்பே பூர்வகுடிகளான கிரீ, சோட்டோ மக்கள் இங்கே வாழ்ந்தார்கள். வாட்ரஸுக்கு அருகிலுள்ள உப்பேரி மானிட்டூ என்ற அவர்கள் சொல்லையே இன்றும் சுமக்கிறது. அவர்களுடைய மூத்தோரிடம் இந்த இடங்களின் பெயர்களைக் கேட்டு, ரயில் நிறுவனம் இட்ட பெயருக்கு மேலே பொறியுங்கள்.

பயணிகள் ரயிலின் சன்னலிலிருந்து படிக்கும்படி எழுத்துகள் பெரிதாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
அந்தப் பாதையில் பயணம் செய்யும் ஒருவன்