அடுத்த கல்விச் சுற்றுலா ஜெனீவாவுக்கு இருக்கட்டும்

தமிழ்நாடு பள்ளிக் கல்வித் துறை அலுவலர்களுக்கு வணக்கம்.

அரசுப் பள்ளிப் பிள்ளைகளை நீங்கள் வெளிநாட்டுக் கல்விச் சுற்றுலாவுக்கு அழைத்துப்போவதை மனதார வரவேற்கும் ஆசிரியை நான். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட வந்த ஒரு தாய், பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே, "நெசமாவே எங்க பிள்ளைக்குத்தானா டீச்சர்?" என்று இரண்டு தடவை கேட்டார். இந்தத் திட்டம் எவ்வளவு பெரியது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அடுத்த பயணத்துக்கு சுவிட்சர்லாந்தின் ஜெனீவா நகரை யோசியுங்கள். அறிவியல், பண்பாடு, குழந்தை உரிமை மூன்றும் ஒரே ஊரில் அங்கே கிடைக்கின்றன.

ஊருக்குள்ளிருந்து 18ஆம் எண் டிராமில் ஏறினால் கடைசி நிறுத்தம் செர்ன் (CERN) என்ற பன்னாட்டு அணுத்துகள் ஆய்வுக்கூடம். தரைக்கடியில் ஏறத்தாழ 100 மீட்டர் ஆழத்தில், சுவிஸ் - பிரான்ஸ் எல்லையைக் கடந்து ஓடும் 27 கிலோமீட்டர் வளையத்தில் துகள்களை மோதவிட்டுத்தான், மற்ற அடிப்படைத் துகள்களுக்கு நிறை எப்படி வருகிறது என்பதை விளக்க உதவும் ஹிக்ஸ் போசான் என்ற துகளை 2012இல் கண்டறிந்தார்கள். 2023இல் பொதுமக்களுக்காகத் திறந்த சயின்ஸ் கேட்வே மையத்தில் நுழைவுக் கட்டணம் கிடையாது. வளாகத்தில் 2 மீட்டர் உயர நடராசர் நிற்கிறார். 2004இல் இந்தியா கொடுத்த பரிசு. அந்த ஆடலைப் பற்றி வேற்று நாட்டுப் பிள்ளைகளுக்கு எடுத்துச்சொல்லும் இடத்தில் நம் பிள்ளைகள் இருப்பார்கள்.

இந்தப் பயணம் ஒருவழியாக இல்லாமல் பரிமாற்றமாக இருக்கவேண்டும் என்றால், ஜெனீவா மாணவர்களும் இங்கே வரவேண்டும். 1899இல் தொடங்கிய கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தையும் கீழடி அருங்காட்சியகத்தையும் நம் மாணவர்களே அவர்களுக்குச் சுற்றிக்காட்டட்டும்.

நான் அழுத்திச் சொல்ல வந்தது குழந்தை உரிமையைப் பற்றி. ஜெனீவாவில் ஐ.நா. அலுவலகம் இயங்கும் அரண்மனைக்கு எதிரே, கால் முறிந்த 12 மீட்டர் உயர மர நாற்காலி ஒன்று இருக்கிறது. கண்ணிவெடியில் கால் இழந்தவர்களுக்காக 1997இல் வைத்தது. அதன் முன் நின்று குழுப்படம் எடுத்துக்கொண்டு பேருந்தில் ஏறிவிட்டால் போன காரியம் பாதியில் நின்றுவிடும். குழந்தைகளுக்கான முதல் உரிமைச் சாசனத்துக்கு 1924இல் பெயர் தந்த ஊர் அது. 1989இன் குழந்தை உரிமை உடன்படிக்கையை நாடுகள் எப்படி நடைமுறைப்படுத்துகின்றன என்று 18 வல்லுநர்கள் கேள்வி கேட்கும் குழு கூடுவதும் அங்கேதான். 1992இல் இந்தியாவும் அந்த உடன்படிக்கையில் இணைந்தது. தம்மைப் பாதிக்கும் விஷயங்களில் கருத்துச் சொல்லப் பிள்ளைகளுக்கு உரிமை உண்டு, அந்தக் கருத்துக்கு உரிய மதிப்புத் தரவேண்டும் என்கிறது அதன் 12ஆம் பிரிவு.

இதை வகுப்பில் சொன்னபோது ஒன்பதாம் வகுப்பு மாணவி எழுந்து கேட்டாள்: "எங்க அக்கா படிப்ப நிறுத்தினப்போ அவகிட்ட யாரும் கேக்கலையே மிஸ், அது யாரு தப்பு?" என்னிடம் உடனே பதில் இல்லை. இந்தக் கேள்வி ஜெனீவா வரை போகவேண்டும். குழு கூடும் வாரமாகப் பார்த்துத் தேதி குறியுங்கள். புறப்படும் முன்பே பிள்ளைகளின் கேள்விகளைத் தமிழிலேயே எழுதி வாங்குங்கள். நல்ல மொழிபெயர்ப்பாளர் ஒருவர் உடன் வரட்டும். ஆங்கிலம் சரளமாக வராத பிள்ளை வாய்மூடி ஊர் திரும்பக் கூடாது.

பயண நிரலை இறுதி செய்யும் கூட்டத்தில் மாணவர்களுக்கும் இடம் கொடுங்கள். திரும்பி வந்ததும் அறிக்கையை ஆசிரியர்கள் எழுதவேண்டாம். போய்வந்த பிள்ளைகளே எழுதட்டும். திருத்தாமல் அதை எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பிவையுங்கள்.

நம்பிக்கையுடன்,
அரசு மேல்நிலைப் பள்ளி அறிவியல் ஆசிரியை