தொண்டை கரகரத்தால் வீட்டில் இருக்கலாமா, மேடம்?

மதிப்பிற்குரிய தலைமையாசிரியை அவர்களுக்கு,

வணக்கம், மேடம்.

கொரோனாவால் மூடிய பள்ளியை மறுபடி திறப்பதைப் பற்றி வெள்ளிக்கிழமை நடந்த கூட்டத்தின் முடிவில், "யாருக்காவது ஏதாவது கேட்க வேண்டுமா?" என்றீர்கள். ஒருவரும் கை தூக்கவில்லை. நானும்தான். ஆனால் மாடிப்படி இறங்குவதற்குள் பேச்சு ஆரம்பித்துவிட்டது. அன்று இரவு பதினொரு மணி வரை ஃபோன் ஓயவில்லை. கூட்டத்தில் யாருக்கும் வாயில் வராத கேள்விகள் எல்லாம் அப்போது வந்தன. அவற்றை உங்களிடம் கொண்டுவந்து சேர்க்கத்தான் எழுதுகிறேன். எல்லோரும் படிக்கிற இடத்தில் எழுதக் காரணம், வேறு பள்ளிகளில் வேலை செய்யும் என் தோழிகளும் இதையேதான் சொல்கிறார்கள். அவர்களுடைய தலைமையாசிரியர்களும் படிக்கட்டும். நம் பள்ளியின் பெயரையோ, எவர் பெயரையுமோ நான் எழுதவில்லை.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பள்ளியைத் திறக்க வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. 2020 ஏப்ரலில் உலகம் முழுக்க ஏறக்குறைய 160 கோடி மாணவர்கள் வகுப்புக்கு வெளியே இருந்தார்கள் என்று யுனெஸ்கோ சொன்னபோது அந்த எண் எனக்குப் பெரிதாக உறைக்கவில்லை. என் வகுப்பில் ஒரு பையன் மூன்று மாதமாக எந்த ஆன்லைன் வகுப்பிலும் தென்படாமல் போனான். வீட்டில் இருந்த ஒரே ஃபோன் அப்பாவோடு வேலைக்குப் போய்விடுகிறது என்று பிறகுதான் தெரிந்தது. அன்றைக்குத்தான் உறைத்தது. பின்னங்களை நன்றாகப் போட்டுக்கொண்டிருந்தவன், போன வாரம் ஃபோனில் கேட்டபோது கால் பெரிதா அரை பெரிதா என்று தடுமாறினான். அவனை முதல் பெஞ்சில் உட்காரவைத்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும். அதற்காகவே எனக்குப் பள்ளி திறக்க வேண்டும்.

"பஸ் ஓடுகிறது, வங்கி நடக்கிறது, நாம் மட்டும் பயந்துகொண்டிருந்தால் எப்படி?" என்று கேட்டீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் பஸ்ஸில் ஏறியவர் அரை மணி நேரத்தில் இறங்கிவிடுகிறார். நாங்கள் அதே அறையில், அதே நாற்பது பேரோடு, மணிக்கணக்கில் இருக்கப் போகிறோம். அதுவும் சும்மா இருக்கப் போவதில்லை. கடைசி பெஞ்சுக்குக் கேட்கிற மாதிரி கத்திப் பேசிக்கொண்டே இருக்கப் போகிறோம்.

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலத்தின் மரின் வட்டாரத்தில், 2021 மே மாதம் ஒரு தொடக்கப் பள்ளியில் நடந்ததை நீங்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டும். அந்நாட்டு நோய்த்தடுப்பு மையம் அதைப் பற்றி ஆகஸ்ட் மாதம் விரிவான அறிக்கை வெளியிட்டது. அந்த வகுப்பில் நம்முடைய திட்டத்தில் இருக்கிற எல்லாமே இருந்தன. மேஜைக்கு மேஜை ஆறடி இடைவெளி. கதவும் ஜன்னலும் திறந்திருந்தன. காற்றைச் சுத்தம் செய்யும் கருவிகூட இருந்தது. மாஸ்க் கட்டாயம். ஆசிரியருக்கு மூக்கடைப்பும் சோர்வும் வந்தது. அலர்ஜியாக இருக்கும் என்று நினைத்து இரண்டு நாள் வேலைக்கு வந்தார். அவர் தடுப்பூசி போட்டுக்கொள்ளாதவர். பிள்ளைகளுக்குப் பாடத்தை வாசித்துக் காட்டும்போது சில சமயம் மாஸ்க்கைக் கழற்றியிருக்கிறார். வகுப்பில் 24 பிள்ளைகள். பன்னிரண்டு பேருக்குத் தொற்று. ஆசிரியர் மேஜைக்கு அருகில் இருந்த இரண்டு வரிசைகளில் பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு. தடுப்பூசிக்கான வயதே வராத பிள்ளைகள் அவர்கள்.

இதை வாசித்துவிட்டு அந்த ஆசிரியரைத் திட்டியவர்கள் நிறைய. எனக்கு அது முடியவில்லை. மூக்கடைப்போடு எத்தனை நாள் நான் வகுப்புக்கு வந்திருக்கிறேன்! காய்ச்சல் மாத்திரை போட்டுக்கொண்டு தேர்வு மேற்பார்வைக்கு நின்றிருக்கிறேன். அதைப் பெருமையாகவும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நான் மட்டுமா? நம் ஆண்டு விழாவில், வருடம் முழுக்க ஒரு நாள்கூட லீவு போடாத ஆசிரியருக்கு மேடையில் பரிசு கொடுக்கிறோம். பிள்ளைகளுக்கும் அதே பரிசு உண்டு. உடம்பு முடியாமலும் வந்தவரைக் கைதட்டி வரவேற்றே பழகிவிட்டோம், மேடம். வெள்ளிக்கிழமை கொடுத்த எட்டுப் பக்கத் திட்டத்தில் தெர்மாமீட்டர் இருக்கிறது, சானிடைசர் இருக்கிறது, தரையில் ஒட்ட வேண்டிய வட்டங்களின் அளவுகூட இருக்கிறது. காலையில் எழுந்ததும் தொண்டை கரகரத்தால் ஓர் ஆசிரியர் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் எங்குமே இல்லை.

இன்றைய நிலையில் அவர் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். ரிஜிஸ்டரில் எத்தனை லீவு மீதி என்று கணக்குப் பார்ப்பார். தான் போகாவிட்டால் தன் வகுப்பை யார் தலையில் கட்டுவார்கள், அவர் என்ன நினைப்பார் என்று யோசிப்பார். போன தடவை லீவு கேட்டபோது கிடைத்த முகச்சுளிப்பு ஞாபகம் வரும். அது உங்களுடையது என்று சொல்ல வரவில்லை. நாங்களே ஒருவருக்கொருவர் அப்படித்தான் முகம் சுளிக்கிறோம். கடைசியில், "வெறும் சளிதான்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கிளம்பிவிடுவார். வாசலில் தெர்மாமீட்டர் பச்சை விளக்கு காட்டும். காய்ச்சலே வராமல் தொற்று இருக்கலாம். அறிகுறி தெரிவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே அடுத்தவருக்குப் பரவலாம். நெற்றியைத் தொட்டுப் பார்க்கும் கருவிக்கு இதெல்லாம் தெரியாது. வெட்கப்படாமல் வீட்டில் இருந்துவிடக்கூடிய ஒரு ஆசிரியர், வாசலில் இருக்கும் பத்துத் தெர்மாமீட்டருக்குச் சமம் என்று நான் நம்புகிறேன்.

ஒப்பந்தத்தில் வேலை செய்பவர்களுக்கு இது இன்னும் கடினம். நம்மில் ஆறு பேருக்கு வராத நாளுக்குச் சம்பளம் இல்லை. அவர்களிடம் போய் "லேசாக இருமல் இருந்தால்கூட வராதீர்கள்" என்று சொல்வது, அந்த நாள் கூலியை விட்டுவிடுங்கள் என்று சொல்வதாகிவிடும். பரிசோதனை முடிவு வரும்வரை உள்ள நாட்களுக்காவது சம்பளம் பிடிக்கமாட்டோம் என்று நிர்வாகத்திடமிருந்து எழுத்தில் வாங்கித் தர முடியுமா? நீங்கள் கேட்டால் மறுக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். நாங்கள் கேட்டால் காதில் விழாது.

அப்புறம், குரல். சத்தமாகப் பேசப் பேச வாயிலிருந்து வெளியேறும் நுண்துளிகளும் கூடுகின்றன. 2020 மார்ச் 10ஆம் தேதி, வாஷிங்டன் மாநிலத்தில் ஸ்காஜிட் என்ற வட்டாரத்தில் ஒரு பாடகர் குழு இரண்டரை மணி நேரம் பயிற்சி செய்தது. வந்தவர்கள் 61 பேர். அவர்களில் ஒருவருக்குச் சளி அறிகுறி இருந்தது. உறுதியானதும் சந்தேகத்துக்குரியதுமாகச் சேர்த்து 53 பேருக்கு நோய் வந்தது, இருவர் இறந்தார்கள். அன்று யாரும் யாரையும் கட்டிப்பிடிக்கவோ கைகுலுக்கவோ இல்லை என்று சொல்கிறார்கள். பாடினார்கள், அவ்வளவுதான். காலை வழிபாட்டுக் கூட்டத்தில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து பாடுவதைக் கொஞ்ச நாள் நிறுத்தலாம், அல்லது திறந்த மைதானத்தில் வைத்துக்கொள்ளலாம். ஆசிரியர்களுக்கு இடுப்பில் மாட்டும் சின்ன மைக் வாங்கிக் கொடுத்தால் கத்த வேண்டியிருக்காது. மாஸ்க் போட்டுக்கொண்டு ஐந்து பீரியட் கத்திப் பேசினால் மூன்றாம் பீரியடில் யாராக இருந்தாலும் அதைத் தாடைக்கு இறக்கிவிடுவார்கள். நானும் இறக்குவேன். நல்ல எண்ணத்தை மட்டும் நம்பி ஒரு விதி நிற்காது.

மருந்து போட்டுத் துடைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு முறை மேஜைகளைத் துடைக்க வேண்டும் என்று திட்டத்தில் இருக்கிறது. துடைக்கப் போவது யார்? நம் பள்ளியைப் பெருக்கித் துடைக்கும் அக்காதான். வெள்ளிக்கிழமை கூட்டத்துக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. வாட்ச்மேன் அண்ணனையும், வேன் ஓட்டுபவரையும், அலுவலகத்தில் பெற்றோர் கூட்டத்தைச் சமாளிக்கும் கிளார்க்கையும்கூடக் கூப்பிடவில்லை. எட்டுப் பக்கத்தில் பாதி வேலை அவர்களுடையது. நான் அக்காவிடம் போய்க் கேட்டேன். "ப்ளீச்சிங் வாடை எனக்கு மூச்சு முட்டும் டீச்சர், அதுவும் அந்த மேல்மாடி ரூமில் ஜன்னலே திறக்காதே" என்றார். அவருக்கு ஏற்கெனவே இளைப்பு உண்டு. இத்தனை வருடமாக அது எனக்குத் தெரியாது.

தொட்ட பொருளிலிருந்து இந்த நோய் பரவும் வாய்ப்பு, ஒவ்வொரு தொடுதலுக்கும் பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அதே அமெரிக்க மையம் 2021 ஏப்ரலில் எழுதியது. கை கழுவுவது நல்லதுதான், மேஜையை ஒரு முறை துடைப்பதும் சரிதான். ஆனால் நான்கு முறை துடைக்கும் நேரத்தையும் பணத்தையும் காற்றுக்குக் கொடுங்கள் மேடம் என்றுதான் கெஞ்சிக் கேட்கிறேன். காற்றோட்டம் பற்றி உலக சுகாதார நிறுவனம் 2021 மார்ச்சில் வெளியிட்ட வழிகாட்டியில், இதுபோன்ற இடங்களில் ஆளுக்கு நொடிக்கு பத்து லிட்டர் புதுக்காற்று வேண்டும் என்று இருக்கிறது. நாற்பது பிள்ளைகள் என்றால் நொடிக்கு நானூறு லிட்டர். அடைத்த அறையில் அது எங்கிருந்து வரும்? கரியமில வாயுவைக் காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கி, வகுப்பு வகுப்பாக எடுத்துப்போய் வைத்துப் பார்க்கலாம். வெளிக்காற்றில் அது 400 சொச்சம் காட்டும், அதாவது பத்து லட்சம் பங்கு காற்றில் இத்தனை பங்கு. அறையில் ஆயிரத்தைத் தாண்டி ஏறிக்கொண்டே போனால், ஒருவர் விட்ட மூச்சை மற்றவர் இழுத்துக்கொண்டிருக்கிறோம் என்று அர்த்தம். பிள்ளைகளே அதைப் படித்துக் குறித்து வைக்கலாம். ஏழாம் வகுப்புக்கு நான் அதையே வரைபடப் பாடமாக ஆக்கிவிடுவேன்.

மரின் வகுப்பில் ஜன்னல் திறந்திருந்தும் பரவியதே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். நோயோடு ஒருவர் அருகில் மாஸ்க் இல்லாமல் பேசினால் ஜன்னல் மட்டும் காப்பாற்றாது. அதனால்தான் லீவு விஷயத்தை முதலில் எழுதினேன், ஜன்னலைப் பிறகு.

வெளியே வகுப்பு நடத்துவது ஒன்றும் புதிதல்ல. காசநோய்க்குப் பயந்த காலத்தில், 1904இல் பெர்லினை ஒட்டிய சார்லோட்டன்பர்க்கில் மரங்களுக்கு நடுவே ஒரு பள்ளியே நடத்தினார்கள். டென்மார்க் 2020 ஏப்ரல் 15 அன்று சின்ன வகுப்புகளைத் திறந்தபோது பிள்ளைகளைச் சின்னச் சின்னக் குழுக்களாகப் பிரித்தார்கள், முடிந்த பாடங்களை வெளியில் நடத்தினார்கள். நம் மைதானத்தில் நிழல் இருக்கிற மூலையை நீங்களும் பார்த்திருக்கிறீர்கள். முழு நாளும் வேண்டாம், சாப்பாட்டு நேரமாவது அங்கே போகட்டும். எல்லோரும் மாஸ்க்கைக் கழற்றும் நேரம் அது ஒன்றுதான். எங்களுக்கும் அப்படியே. ஸ்டாஃப் ரூமில் பதினான்கு பேர் ஒரே மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசிக்கொண்டே சாப்பிடுவதை நினைத்தால் வகுப்பறையைவிட எனக்கு அதுதான் பயமாக இருக்கிறது. அந்தப் பேச்சுதான் இத்தனை வருடம் என்னை இந்த வேலையில் நிற்க வைத்தது என்பதும் நிஜம்.

இன்னும் ஒன்று. நம்மில் ஒருவர் கர்ப்பமாக இருக்கிறார். கூட்டத்தில் அவர் சொல்லவில்லை, உங்களிடம் சொல்ல எனக்கு அனுமதி கொடுத்தார். இன்னொருவருக்கு ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம், சர்க்கரை நோயும் இருக்கிறது. எனக்கு வீட்டில் அப்பா. அவருடைய நுரையீரல் பாதிதான் வேலை செய்கிறது. இரண்டு ஊசி போட்டும் டாக்டர் இன்னும் கவனமாகவே இருக்கச் சொல்கிறார். இரவு அவர் இருமினால் நான் விழித்துக்கொள்கிறேன், நிற்கும்வரை எண்ணிக்கொண்டு படுத்திருக்கிறேன். இதையெல்லாம் முப்பது பேர் நடுவில் கை தூக்கிச் சொல்ல எங்களால் முடியாது. ஒவ்வொருவரையும் பத்து நிமிடம் தனியாகக் கூப்பிட்டுக் கேளுங்கள், மேடம். அக்காவையும் அண்ணனையும் சேர்த்து. யாருக்கு எந்த வகுப்பு, யார் தரைத்தளம், யார் இன்னும் கொஞ்ச நாள் ஆன்லைன் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளட்டும் என்பதெல்லாம் அந்தப் பத்து நிமிடத்திலேயே பாதி முடிவாகிவிடும்.

உங்கள் மேல் எவ்வளவு பாரம் இருக்கிறது என்று எனக்குத் தெரியாமல் இல்லை. மேலிடம் தேதி சொல்லிவிட்டது, பெற்றோர் ஒருபக்கம் திறக்கச் சொல்கிறார்கள், இன்னொருபக்கம் உத்தரவாதம் கேட்கிறார்கள். கூட்டத்தில் நீங்கள் தண்ணீர் குடிக்க இரண்டு முறை நிறுத்தியதை நான் பார்த்தேன். உங்களுக்கும் பயம் இருக்கிறது என்றால் அதை எங்களிடம் சொல்லுங்கள். அதற்காக நாங்கள் ஒருவரும் உங்களைக் குறைவாக நினைக்கமாட்டோம்.

அந்த மேல்மாடி அறைகளில் ஏழு ஜன்னல்கள் பெயிண்ட் ஒட்டி இறுகிக் கிடக்கின்றன. எண்ணிவிட்டேன். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வாட்ச்மேன் அண்ணனும் நானும் அவற்றைத் திறக்கலாம் என்று பேசிவைத்திருக்கிறோம், அறிவியல் ஆசிரியரும் உளி கொண்டுவருகிறேன் என்றார். மாடிச் சாவி மட்டும் யாரிடம் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள்.

பணிவன்புடன்,
உங்கள் பள்ளியின் ஏழாம் வகுப்புக் கணக்கு ஆசிரியை