கல்லைப் புரட்டிப் பாருங்கள்: தண்ணீர் சோதிக்கும் அதிகாரிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். குலசேகரம் பக்கத்து எங்கள் தோட்டில், அதாவது ஊர்ச் சிற்றோடையில், ரப்பர் ஆலைக் கழிவு கலப்பது பற்றிய புகார் உங்கள் மேசையில் இருக்கிறது. ஊர்க்காரர்கள் கையெழுத்தோடு மூன்று முறை எழுதியாகிவிட்டது. எந்த ஆலை, எந்தக் குழாய் என்பதெல்லாம் அதில் உண்டு. இங்கே திரும்ப எழுதவில்லை. போன வாரம் உங்கள் பதில் கிடைத்தது. அதைப் படித்த பிறகு சும்மா இருக்க மனம் வரவில்லை.

மாதிரி நீரைச் சோதித்ததில் எல்லா அளவுகளும் வரம்புக்குள் இருப்பதாக ஒரே ஒரு வரி. கூடவே ஒரு பட்டியல்: கரைந்த ஆக்ஸிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல், பி.ஓ.டி., அதாவது கழிவைத் தின்னும் நுண்ணுயிர்களுக்குத் தேவைப்படும் ஆக்ஸிஜன், 3 மில்லிகிராமுக்குள். அதாவது குளிக்கத் தகுந்த நீர். இந்த எண்களை நான் சந்தேகப்படவில்லை. ஆய்வகத்தில் சரியாகத்தான் அளந்திருப்பார்கள். ஆனால் அந்தத் தண்ணீரை எடுத்த அன்று நானும் பாலத்தில் நின்றேன். ஜூன் மூன்றாம் வாரம், இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) அடித்துப் பெய்து தோடு மேல்படி வரை செம்மண் நிறத்தில் பாய்ந்துகொண்டிருந்தது. வந்தவர் பாலத்தின் மேலிருந்தே கயிற்றில் வாளியை இறக்கி அள்ளினார். பாட்டிலில் ஊற்றி, ஐஸ் பெட்டியில் வைத்து, பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார். அப்போது பகல் பதினொரு மணி. நாங்கள் புகார் கொடுத்தது தை மாதம், தோட்டில் கணுக்கால் அளவு தண்ணீர் ஓடியபோது. புளித்த நாற்றத்தோடு வெள்ளைக் கழிவு இறங்குவது ராத்திரி பத்து மணிக்கு மேல்.

உங்கள் பதிலை முதலில் வாசித்துக் காட்டியது பக்கத்து வீட்டு அம்மச்சிக்கு. எழுபத்திரண்டு வயது. கல்யாணமாகி வந்த நாள் முதல் அந்தப் படித்துறையில்தான் குளி, துணி அலசல், பாத்திரம் தேய்ப்பு எல்லாம். இரண்டு வருடமாகத் தோட்டில் இறங்கினால் கால் அரிப்பு. கணுக்காலுக்குக் கீழே தோல் கறுத்துத் தடித்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் தந்த களிம்பு தீரும்வரை கேட்கும், பிறகு திரும்ப ஆரம்பிக்கும். இப்போது குளிக்கவும் குழாய்த் தண்ணீர்தான். அது ஒன்று விட்டு ஒரு நாள் வரும், அதுவும் விடியற்காலையில். மேட்டில் இருக்கிற வீட்டுக்கு இரண்டு குடம் சுமந்து ஏறுவதற்குள் நடுவில் மூன்று இடத்தில் இறக்கி வைக்கிறார். வீட்டுக்குப் பின்னால் முப்பது அடியில் தோடு ஓடுகிறது. நான் படித்து முடித்ததும் அம்மச்சி சேலையை லேசாகத் தூக்கிக் காலைக் காட்டிக் கேட்டார்: "வெள்ளம் நல்ல வெள்ளம்ணா, அப்போ எனக்க காலுதான் பொய்யி சொல்லுதா டீச்சரே?"

எங்கள் பக்கத்தில் தண்ணீரைத்தான் வெள்ளம் என்போம். அம்மச்சிக்கு என்ன பதில் சொல்ல என்று எனக்குத் தெரியவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

நான் அறிவியல் ஆசிரியை. பல வருடமாக ஜனவரியில் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை அந்தத் தோட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகிறேன். கொசுவலைத் துணியில் தைத்த ஒரு வலை, ஒரு வெள்ளைத் தட்டு, சாயம் அடிக்கும் சிறு தூரிகை, இவ்வளவுதான் சாமான். ஒரு பிள்ளை வலையை ஒழுக்குக்கு (நீரோட்டத்துக்கு) எதிராகப் பிடிக்கும், இன்னொன்று அதற்கு மேலே நின்று காலால் கல்லையும் மணலையும் கிளறும். கலங்கி வருவதைத் தட்டில் கொட்டிக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் தட்டு அசையத் தொடங்கும். கல்லின் அடியைப் புரட்டினால் தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும் மேஃப்ளை என்ற பூச்சியின் குஞ்சுகள். பின்னால் நூல்போல மூன்று வால், வயிற்றின் இருபுறமும் இலைபோன்ற செவுள்கள் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். இரண்டு வாலோடு ஸ்டோன்ஃப்ளை என்ற இன்னொரு பூச்சியின் குஞ்சு. மணலையும் சருகுத் துணுக்கையும் தன் பட்டு நூலால் ஒட்டிக் குழல்போலக் கூடு கட்டி, அதை இழுத்துக்கொண்டே நகரும் கேடிஸ் புழு. இதைப் பார்க்கும்போது பிள்ளைகள் போடும் கூச்சல் ரோடு வரை கேட்கும்.

இந்த மூன்றும் சுத்தமான, ஆக்ஸிஜன் நிறைந்த ஒழுக்கை நம்பி வாழ்பவை. அவற்றில் பலவும் மாதக்கணக்கில் தண்ணீருக்குள்ளேயே வளர்கின்றன. பாட்டில், நிரப்பிய அந்த ஒரு நிமிடத்தைச் சொல்லும். இவை போன மாதம் நடந்ததையும் சொல்லும், ராத்திரி பத்து மணிக்கு நடந்ததையும் சொல்லும். ஒரே ஒரு ராத்திரி ஆக்ஸிஜன் அடியோடு போனாலும் அவை அங்கே இருக்காது. மறுநாள் தண்ணீர் தெளிந்து ஓடினாலும் கல்லின் அடி காலியாகத்தான் இருக்கும்.

இந்த ஜனவரியில் குழாய்க்கு மேலே பத்துக் கல் புரட்டினோம். எல்லாவற்றிலும் மேஃப்ளை இருந்தது. குழாய்க்குக் கீழே, அதே நிழல், அதே ஒழுக்கு, அதே மாதிரிக் கல், பத்திலும் ஒன்றுகூட இல்லை. சாம்பல் நிறத்தில் வழவழப்பு. சேற்றை அள்ளித் தட்டில் போட்டபோது சிவப்பு நூல் துண்டுகளைப்போல நெளிந்தன சிரோனோமிட் புழுக்கள். நம் ரத்தத்தில் இருப்பது போன்ற ஹீமோகுளோபின் அவற்றின் உடம்பிலும் உண்டு, அதனால்தான் அந்தச் சிவப்பு; ஆக்ஸிஜன் அற்றுப்போன சேற்றிலும் அவை பிழைத்துக்கொள்ளும். கூடவே தலையைச் சேற்றில் புதைத்து வாலை ஆட்டிக்கொண்டிருக்கும் டியூபிஃபெக்ஸ் புழுக்கள். தட்டைப் பார்த்துவிட்டு ஒரு பெண் பிள்ளை கேட்டாள்: "டீச்சர், கூடு கட்டுறது எல்லாம் எங்க போச்சு?"

ரப்பர் எனக்கு எதிரி இல்லை. எங்கள் வீட்டிலும் அறுபது மூடு ரப்பர் மரம் உண்டு. பால் எடுத்து, ஆசிட் ஊற்றி உறையவைத்து, ரோலரில் கொடுத்து ஷீட் அடித்துத்தான் நான் படித்தேன். பால் உறைந்த பிறகு மிஞ்சும் தண்ணீரில் புரதமும் சர்க்கரையும் ஆசிட்டும் இருக்கும். வீட்டளவில் அது தென்னை மூட்டில் குழி வெட்டி ஊற்றினால் தீர்ந்துவிடும். தொட்டி தொட்டியாகத் தோட்டில் இறங்கினால் அதைத் தின்னும் நுண்ணுயிர்கள் தண்ணீரின் ஆக்ஸிஜனை எல்லாம் இழுத்துக்கொள்ளும். சுத்திகரிக்க வழி இருக்கிறது, ஆனால் அதற்குச் செலவாகும். அந்தச் செலவை இப்போது அம்மச்சியின் கால் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

எங்கள் கோரிக்கை ஒன்றே ஒன்று. தண்ணீர் குறைந்து ஓடும் மாதத்தில், குழாய்க்கு மேலேயும் கீழேயும், பாட்டிலோடு சேர்த்துக் கல்லையும் புரட்டிப் பாருங்கள். அதையும் அறிக்கையில் எழுதுங்கள்.

பாட்டிலை விட்டுவிடச் சொல்லவில்லை. எந்த ரசாயனம் என்பதைப் பூச்சி சொல்லாது. அதற்கு ஆய்வகம் வேண்டும். பூச்சி குறைவதற்கு வேறு காரணங்களும் உண்டு: மணல் மூடிய இடம், நிழல் இல்லாத இடம், மழை அடித்துக்கொண்டு போன இடம். அதனால்தான் மேலும் கீழும் ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறோம், அதனால்தான் ஜூன் மாதம் வேண்டாம் என்கிறோம்.

இது நாங்கள் கண்டுபிடித்த புது வித்தையும் இல்லை. ஜெர்மனியில் கோல்க்விட்ஸும் மார்சனும் நீர்வாழ் விலங்குகளை வைத்து மாசை அளக்கும் முறையை 1909-லேயே எழுதிவிட்டார்கள். பிரிட்டனில் 1970-களில் நீர்வாழ் பூச்சி, புழுக்களுக்குக் குடும்பம் குடும்பமாக, மாசு தாங்காதவற்றுக்கு அதிகமாக, மதிப்பெண் கொடுத்தார்கள்: ஸ்டோன்ஃப்ளை குடும்பங்கள் பலவற்றுக்கு 10, சிரோனோமிட்டுக்கு 2, டியூபிஃபெக்ஸ் இனப் புழுக்களுக்கு 1. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியமே இதற்கென ஓர் உயிரியல் அளவுகோல் வகுத்து வைத்திருக்கிறது. மாசு தாங்காத தன்மைக்கு 0 முதல் 10 வரை, உயிரினங்களின் பன்மைக்கு 0 முதல் 1 வரை மதிப்பெண், இரண்டையும் வைத்து ‘ஏ’ முதல் ‘இ’ வரை ஐந்து தரம். தென் ஆப்பிரிக்காவில் மினி சாஸ் என்ற எளிய முறையில் பள்ளிப் பிள்ளைகளே ஆற்றுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். மேற்குத் தொடர்ச்சி மலை மேஃப்ளைகளை வகைப்படுத்தியவர்களில் முக்கியமானவர் மதுரைக் கல்லூரிப் பேராசிரியர் கே.ஜி. சிவராமகிருஷ்ணன். அறிவு நம் பக்கத்திலேயே இருக்கிறது. தோட்டில் இறங்கத்தான் ஆளில்லை.

ஆறு என்றாலே இந்த மாவட்டத்தில் அணை நீர்மட்டம் மட்டும்தான் பேச்சு. பேச்சிப்பாறையில் எத்தனை அடி, பெருஞ்சாணியில் எத்தனை அடி என்று தினமும் பத்திரிகையில் வருகிறது. அந்தத் தண்ணீருக்குள் என்ன உயிரோடு இருக்கிறது என்று யாரும் சொல்லிக் கேட்டதில்லை. நாகர்கோவில் சாக்கடை பழையாற்றில் கலந்து மணக்குடி வரை போகிறது; குளங்களில் ஆகாயத்தாமரை மூடிக் கிடக்கிறது; எழுதி எழுதிக் கை ஓய்ந்தவர்கள் எத்தனையோ பேர். எங்கள் தோடும் கடைசியில் குழித்துறைத் தாமிரபரணியில்தான் சேர்கிறது. ஆடி அமாவாசைக்குக் குழித்துறையில் முங்கிக் குளித்துப் பலி கொடுக்கிறவர்கள் இந்தத் தண்ணீரில்தான் முங்குகிறார்கள். இதை எழுதும்போது கை நடுங்குகிறது. வார்த்தை கடுமையாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

திரும்பவும் பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்: கல்லைப் புரட்டிப் பாருங்கள். உங்களிடம் ஆள் குறைவு என்று தெரியும், ஒருவர் வந்தால் போதும். வலையும் தட்டும் எங்கள் பள்ளியில் இருக்கின்றன. பிடித்துத் தர நாற்பது பிள்ளைகள் இருக்கிறார்கள். வரும் ஜனவரி இரண்டாவது சனிக்கிழமை காலை ஏழரைக்குப் பாலத்துக்குக் கீழே நிற்போம். குழாய்க்கு மேலே முதலில் இறங்குவோம், பிறகு கீழே. முழங்கால் வரை நனையும், மாற்றுத் துணி ஒன்று கொண்டு வாருங்கள். அம்மச்சியும் படித்துறையில் இருப்பார். உங்களுக்குக் கட்டன்சாயா போட்டுத் தருவதாகச் சொல்லியிருக்கிறார், குழாய்த் தண்ணீரில்.

வணக்கத்துடன்,
ஓர் அறிவியல் ஆசிரியை,
கன்னியாகுமரி மாவட்டம்