நவம்பர் 9: தேதி மட்டும் போதுமா?

ஐயா,

தங்கள் நாளிதழின் ‘வரலாற்றில் இன்று’ பகுதியில் (நவ. 9) பெர்லின் சுவர் திறக்கப்பட்டதும், 1938இல் யூதர்கள் மீது நடந்த வன்முறையும் யாரோ ஒரு விளையாட்டு வீரரின் பிறந்தநாளுக்கு மேலும் கீழுமாக வெளியாகியிருந்தன. தகவல்கள் சரியே. ஆனால், எல்லாம் தற்செயலாக ஒரே தேதியில் அமைந்தவை என்ற எண்ணத்தையே அது தருகிறது. 1918இல் இதே நாளில்தான் ஜெர்மனி குடியரசாக அறிவிக்கப்பட்டது. அக்குடியரசைக் கவிழ்க்க 1923இல் ஹிட்லர் மியூனிக்கில் நடத்திய கலகமும் இதே நாளில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டோடு முடிந்தது. ஆட்சிக்கு வந்த நாஜிகள் அதை ஆண்டுதோறும் நினைவுகூர்ந்தனர். 1938இல் அதற்காக மியூனிக்கில் கூடியிருந்தவர்களிடையே நாஜிப் பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் பேசிய இரவில்தான் யூதர்களின் வழிபாட்டுத் தலங்கள் எரிக்கப்பட்டன. தற்செயல் என்றால் பெர்லின் சுவர் திறந்த 1989ஐத்தான் சொல்ல வேண்டும். கிழக்கு ஜெர்மானியர் வெளிநாடு செல்ல அனுமதிக்கும் புதிய பயண விதி எப்போது அமலாகும் என்று செய்தியாளர்கள் கேட்ட கேள்விக்கு, அந்நாட்டு ஆளுங்கட்சித் தலைவர்களில் ஒருவரான ஷபோவ்ஸ்கி காகிதத்தைப் புரட்டிவிட்டு ‘உடனடியாக’ என்று சொல்லிவிட்டார்! அதை நம்பி மக்கள் எல்லையில் திரள, அன்றிரவே சுவர் திறந்தது. ஆயினும் சுவர் திறந்த நாளை விடுத்து, இரு ஜெர்மனிகளும் இணைந்த அக்டோபர் 3ஐ ஜெர்மனி தேசிய நாளாகக் கொண்டாடுவதற்கு 1938இன் கறையும் ஒரு காரணம்.

எங்கள் ஊர் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இப்பகுதியை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்கிறார்கள். ஆண்டுகளுக்குச் சிவப்பு மையில் அடிக்கோடு, வேறு குறிப்பே இல்லை. வாரம் ஒரு நாளேனும் இத்தகைய ஒரு தேதியை எடுத்துக்கொண்டு, நிகழ்வுகளுக்கிடையேயான தொடர்பைச் சிறு பத்தியாக வெளியிடலாம். பிறந்தநாள்களைக் குறைத்தால் இடம் தானாகக் கிடைக்கும்.

– ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், கும்பகோணம்.