நீதிபோதனை பீரியடும் ஒரு டீசியும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நான் பாளையங்கோட்டைக்காரன், கிறிஸ்தவ எய்டட் ஸ்கூல் ஒண்ணுல கணக்கு வாத்தியாரா இருந்து 2019-ல ரிட்டயர் ஆனவன். போன வாரம் பேரனோட ஸ்கூலுக்கு பேரன்ட்ஸ் மீட்டிங்னு போயிருந்தேன், அதுவும் கிறிஸ்தவ ஸ்கூல்தான், பேரு வேண்டாம். டைம் டேபிள்ல வியாழக்கிழமை முதல் பீரியட் நீதிபோதனைன்னு இருக்கு, ஆனா பேரன் நோட்டைப் பார்த்தா ஜூன்ல இருந்து அந்த பீரியட்ல சயின்ஸ்தான் ஓடுது. கேட்டா, "போர்ஷன் முடியல சார், டென்த் பாருங்க"ங்குறாங்க.

இதைக் குறை சொல்ல எனக்கு முழு யோக்கியதை இருக்கான்னு தெரியல, ஏன்னா அந்தப் பாவத்தை நானே பண்ணியிருக்கேன். கிறிஸ்தவப் பிள்ளைங்க வேதபாடத்துக்குப் போவாங்க, மத்த பிள்ளைங்களுக்கு நீதிபோதனை, ரெண்டு வாத்தியாரும் எனக்கு சிநேகிதம்தான், "இன்னைக்கு ஒருநாள் விட்டுக் கொடும்வே"ன்னு சொல்லி எத்தனையோ தடவை வாங்கி டிரிக்னாமெட்ரி நடத்தியிருக்கேன்.

சரி, அந்த பீரியட் போனா பிள்ளைங்க கெட்டுப் போயிருவாங்களான்னு கேட்டா, அது மட்டும் காரணம்னு சொல்ல மாட்டேன். பொய் சொல்லாதேன்னு போர்டுல எழுதிப் போட்டு யாரும் திருந்துனதா நான் பார்க்கல. பிள்ளைங்க பாக்குறது வாத்தியாரைத்தான். தயார் பண்ணிட்டு வந்து நடத்துறாரா, நோட்டை உண்மையிலேயே படிச்சுத் திருத்துறாரா இல்ல பக்கத்துக்கு ஒரு டிக் போட்டுத் தள்ளுறாரா, எல்லாம் அதுங்களுக்குத் தெரியும்.

1974-ல நான் எட்டாம் கிளாஸ். அரைப் பரீட்சை கணக்கு பேப்பர் கொடுத்தாங்க, என் பக்கத்துல இருந்தவனுக்கு 36, பாஸ் மார்க் 35. அவன் கூட்டிப் பார்த்துட்டு "லேய், ரெண்டு மார்க் கூட போட்டுட்டாருலே"ன்னான். போகாதலேன்னு சட்டையைப் பிடிச்சு இழுத்தவன் நான். கேக்காம எந்திரிச்சுப் போயி சொல்லிட்டான். வாத்தியார் ரெண்டு தடவை கூட்டிப் பார்த்தாரு, 36-ஐ அடிச்சு 34-னு எழுதி சின்னதா கையெழுத்தும் போட்டாரு. நாங்கெல்லாம் உண்மை சொன்னதுக்காக விட்ருவாருன்னு நினைச்சோம், விடல, பெயில்தான். ஆனா அடுத்த திங்கக்கிழமையில இருந்து மூணு வாரம் சாயங்காலம் பெல் அடிச்ச பிறகு அவனை வேப்ப மரத்தடியில உக்கார வச்சு பின்னக் கணக்கு சொல்லிக் கொடுத்தாரு, காசு வாங்காம. ப்ராக்ரஸ் ரிப்போர்ட்ல ரிமார்க்ஸ்ங்கிற இடத்துல "நம்பலாம்"னு ஒத்தை வார்த்தை. அவன் அதை அவங்க அய்யாகிட்ட காட்டும்போது 34-ஐக் கட்டை விரலால மறைச்சுக்கிட்டுக் காட்டினான், அது வேற கதை.

அடி கொடுத்தாதான் ஒழுக்கம் வரும்னு சொல்றவங்க உடனே கலாமை இழுப்பாங்க. ராமநாதபுரம் ஸ்வார்ட்ஸ் ஸ்கூல்ல ராமகிருஷ்ண ஐயர் பிரம்பால அடிச்சதை அவரே எழுதியிருக்காரு, வாஸ்தவம். ஆனா அதே ஸ்கூல்ல இருந்த அய்யாத்துரை சாலமோன் வாத்தியார் உன்னால முடியும்னு நம்பிக்கை கொடுத்ததைத்தானே அவரு அதைவிட நிறைய எழுதினாரு, அதை ஏன் மறந்துர்றோம்? 2009 கல்வி உரிமைச் சட்டம் 17-வது பிரிவுல அடிக்கிறதையும் மனசைப் புண்படுத்துறதையும் சேர்த்தே தடை பண்ணியிருக்கு. கலாம் கதையில கிறிஸ்தவ ஸ்கூல், முஸ்லிம் பையன், ஐயர் வாத்தியார், அந்தக் காட்சியே எனக்குப் பிடிக்கும்.

இப்ப நான் லெட்டர் எழுத உக்கார்ந்த விஷயத்துக்கு வர்றேன். அந்த மீட்டிங்ல எனக்கு முன்னாடி வரிசையில ஒரு அம்மா, பீடி சுத்துறவங்க, மகன் ஒன்பதாம் கிளாஸ், படிப்பு கொஞ்சம் மந்தம். "டென்த்துக்கு இங்க வேண்டாம்மா, டீசி வாங்கிட்டு வேற ஸ்கூல் பாருங்க, எங்க சென்டம் ரிசல்ட் போயிரும்"னு அவங்ககிட்ட ஸ்கூல்காரங்க சொன்னதை என் காதால கேட்டேன். அந்தப் பையன் பக்கத்துல நின்னு சுவத்துல இருந்த வசனத்தையே பார்த்துக்கிட்டிருந்தான், "வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே, நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள்"னு பெயிண்ட்ல எழுதியிருந்துச்சு.

1706-ல தரங்கம்பாடியில வந்து இறங்கின ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களோட சரிசமமா உக்காந்து மணல்ல விரலால எழுதித் தமிழ் படிச்சாரு, மறு வருஷமே ஸ்கூல் ஆரம்பிச்சாரு, பொம்பளப் பிள்ளைங்களுக்கும் சேர்த்து. எங்க ஊர்லயே 1890-கள்ல மிஷனரிங்க ஆஸ்க்வித் அம்மா பார்வையில்லாத பிள்ளைங்களுக்கும் சுவைன்சன் அம்மா காது கேக்காத பிள்ளைங்களுக்கும் ஸ்கூல் நடத்துனாங்க, இதுங்களால என்ன ஆகப்போவுதுன்னு ஊரே கைவிட்ட பிள்ளைங்க அதுங்க. சென்டம் ரிசல்ட் பார்த்திருந்தா அந்த ஸ்கூல்களோட கதவே திறந்திருக்காது. அந்த வழியில வந்தவங்கன்னு பேனர்ல போட்டுக்கிட்டு ஸ்லோ லேர்னரைக் கழிச்சுக் கட்டுறது எந்த ஊரு நியாயம்? அந்த கிளாஸ்ல உக்கார்ந்திருக்கிற மத்த நாப்பது பேரும் நம்மகிட்ட என்ன கத்துக்குவாங்கன்னு கரஸ்பாண்டன்ட் ஐயாமாரு கொஞ்சம் யோசிக்கணும். அரசாங்கம் சம்பளம் கொடுக்கிற எய்டட் ஸ்கூல்ல இது இன்னும் மோசம்.

வாத்தியார்களை மட்டும் திட்டவும் மனசு வரல, ஒருத்தரே பிள்ளைங்க விவரத்தை எமிஸ்ங்கிற அரசாங்க வெப்சைட்ல ஏத்தணும், ஸ்பெஷல் கிளாஸ் எடுக்கணும், ரிசல்ட் குறைஞ்சா மெமோ வேற.

மீட்டிங் முடிஞ்சு ஹெச்.எம். ரூமுக்குப் போயி, அந்தப் பையனை இருக்க விடுங்க, வாரத்துல மூணு நாள் சாயங்காலம் நான் வந்து கணக்கு சொல்லித் தாரேன், காசு வேண்டாம், வியாழக்கிழமை நீதிபோதனைக்கு ஆள் இல்லைன்னா அதுக்கும் வர்றேன்னு சொல்லியிருக்கேன். "மேனேஜ்மென்ட்ல கேட்டுச் சொல்றேன் சார்"னாரு. இன்னையோட ஒன்பது நாளாச்சு, போன் வரல.

இப்படிக்கு,
ரிட்டயர்டு கணக்கு வாத்தியார்,
பாளையங்கோட்டை